கடலோடிகளைத் தவிர வேறு பேச்சில்லாத பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன சொல்லிக் கொடுப்பது?

ஜனவரி 6 | கேள்வி

வீட்டுவழிக் கல்வி. ஒருத்திக்கு 11 வயது, இன்னொருவனுக்கு 7. இருவருக்கும் இப்போது கடலோடிகள்தான் உலகம். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மெகல்லன், குக் என்று ஆளுக்கு ஒரு வாரம் ஒதுக்கி, வரைபடத்தில் பாதை வரைந்து, ஒரு பக்கக் கட்டுரை எழுத வைக்கலாம் என்று திட்டம். கணக்கையும் அறிவியலையும் தனியாகத்தான் நடத்த வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஜனவரி 6, இரவு

ஆளுக்கு ஒரு வாரம் வேண்டாம். பெயர், ஆண்டு, புறப்பட்ட துறைமுகம், போய்ச் சேர்ந்த இடம் என்று நான்கு பேருக்கும் ஒரே அச்சில் கட்டுரை வரும். மூன்றாவது வாரத்தில் ஆர்வம் வற்றிவிடும்.

அந்த ஆட்களுக்கு நடுக்கடலில் இருந்த தலைவலிகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நான் இப்போது எங்கே இருக்கிறேன்? எவ்வளவு வேகமாகப் போகிறேன்? இருக்கிற உணவும் தண்ணீரும் எத்தனை நாள் வரும்? இந்த மூன்றுக்கும் விடை தேடினால் கோணம், விகிதம், தசமம், வானியல், வேதியியல், காலநிலை எல்லாம் தானாக வந்து நிற்கும். தனிக் கணக்கு வகுப்பு பெரும்பாலும் தேவைப்படாது. வாழ்க்கை வரலாறு பிறகு வரட்டும். ஒரு டிகிரி தவறினால் என்ன ஆகும் என்று கையால் அளந்து பார்த்த பிள்ளை, அந்த மனிதர் பட்ட பாட்டைத் தானே படிக்கக் கேட்கும்.

முதல் கருவி கால்வட்டம். 20 செ.மீ. ஆரமுள்ள கால் வட்டத்தைத் தடித்த அட்டையில் வெட்டுங்கள். ஒரு நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டுங்கள். செங்கோண மூலையில் துளையிட்டு, மெல்லிய நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வில்லில் 0 முதல் 90 வரை குறியிட வேண்டும்: ஸ்ட்ரா இல்லாத விளிம்பில் 0, ஸ்ட்ரா உள்ள விளிம்பில் 90. பலரும் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். பிடிக்கும்போது மூலை நட்சத்திரத்தின் பக்கம் இருக்க வேண்டும், கண் வில்லின் பக்கம். மாற்றிப் பிடித்தால் நூல் அட்டையை விட்டு வெளியே விழும்.

ஸ்ட்ரா வழியே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் காட்டும் கோணம்தான் உங்கள் அட்சரேகை. பார்ப்பவரே எண்ணைப் படிக்கப் போனால் கை அசைந்துவிடும். ஒருவர் பார்க்க, மற்றவர் நூலை அட்டையோடு அழுத்திப் பிடித்துப் படிக்கட்டும். ஐந்து முறை எடுத்து, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் விட்டுவிட்டு, மிச்சம் மூன்றுக்கும் சராசரி காணுங்கள். காற்றில் நட்டு ஆடினால் அதை ஒரு குவளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் அடங்கும்.

2 டிகிரி தவறு வந்தால் மனம் தளர வேண்டாம். ஒரு டிகிரி என்பது 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ. இரண்டு பக்கமும் 222 கி.மீ. அகலத்துக்கு வரைபடத்தில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். "இந்தப் பட்டைக்குள் எங்கோ இருக்கிறோம்" என்பதுதான் அன்றைய மாலுமிக்கும் கிடைத்த விடை.

ஜனவரி 7

விட்டுப்போனது ஒன்று. இன்று துருவ நட்சத்திரம் உண்மையான வட துருவப் புள்ளியிலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் விலகியிருக்கிறது. அட்டைக் கருவிக்கு அது பொருட்டே இல்லை. கொலம்பஸ் காலத்தில் அந்த விலகல் 3 டிகிரிக்கும் மேல். அதனால் பக்கத்து நட்சத்திரங்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று பார்த்து, கூட்டியோ கழித்தோ எடுத்தார்கள். 11 வயதுக்காரியிடம் இதைச் சொல்லுங்கள். நட்சத்திரம் அசையாது என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் காணும்.

ஜனவரி 9

துருவ நட்சத்திரமே தெரியாத இடத்தில் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போர்ச்சுகீசியர்களும் இதே கேள்வியில்தான் முட்டி நின்றார்கள். ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே இறங்க இறங்க அந்த நட்சத்திரம் அடிவானத்துக்குள் மூழ்கிப் போனது. பிறகு அவர்கள் பிடித்துக்கொண்டது நண்பகல் சூரியனை.

ஸ்ட்ரா வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு கணம்கூட. நிழலை மட்டும் அளக்க வேண்டும்.

100 செ.மீ. உயரக் கம்பு ஒன்றைச் செங்குத்தாக நடுங்கள். இரண்டு பக்கத்திலிருந்து தூக்குக் குண்டு பிடித்துச் சரிபாருங்கள். கம்பின் உச்சி 2 செ.மீ. சாய்ந்திருந்தால் விடை ஏறக்குறைய 1 டிகிரி தப்பும். நிழலின் நுனி மங்கலாக விழும். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலத் தட்டாக இருப்பதால் வரும் மங்கல் அது. கம்பின் உச்சியில் 5 மி.மீ. ஓட்டை போட்ட அட்டைத் துண்டை ஒட்டினால், நிழலுக்கு நடுவில் வட்டமாக ஒளி விழும். அந்த வட்டத்தின் மையத்தைக் குறியுங்கள். உயரத்தைத் தரையிலிருந்து ஓட்டை வரை அளக்க வேண்டும், கம்பின் முனை வரை அல்ல.

மிகக் குட்டையான நிழல் 46.6 செ.மீ. வந்தது என்று வையுங்கள். முக்கோணவியல் தெரியாத பிள்ளை ஐந்தில் ஒரு பங்காக 20 செ.மீ.க்கு 9.3 செ.மீ. என்று செங்கோண முக்கோணம் வரைந்து, பாகைமானியால் அளக்கட்டும். சூரிய உயரம் 65 டிகிரி கிடைக்கும். உச்சியிலிருந்து விலகல் 25. மார்ச் 21 என்றால் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கும், ஆகவே அட்சரேகை 25. அதே நிழல் ஜூன் 21-இல் வந்தால் 25-உடன் 23.4 கூட்ட வேண்டும். நிழல் தெற்கே விழுந்தால் கணக்கு மாறும்: சூரியன் அன்று நிற்கும் அட்சரேகையிலிருந்து விலகலைக் கழிக்க வேண்டும். வெப்ப மண்டலத்தில் இருப்பவர்கள் வருடத்தில் சில மாதம் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதையும் கட்டாயம் எழுதி வையுங்கள்.

சூரியன் எந்த நாளில் எந்த அட்சரேகைக்கு மேலே நிற்கிறது என்ற அட்டவணை அன்றே இருந்தது. ஆபிரகாம் சாகூட்டோ கணித்தவை அவை. ட காமாவின் கப்பலில் போயின.

ஜனவரி 15

வேகம். ஏழு வயதுப் பையனுக்கு இதுதான் பிடிக்கும், ஓட வேண்டிய வேலை.

கப்பலின் பின்புறமிருந்து ஒரு பலகையைத் தண்ணீரில் போடுவார்கள். பலகை நின்ற இடத்தில் நிற்கும், கப்பல் நகரும், கயிறு உருளையிலிருந்து ஓடும். 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணினால் அது மணிக்கு அத்தனை கடல் மைல். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சிலிருந்துதான். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். 3600-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினால் 14.4 மீட்டர். முடிச்சுக்கு முடிச்சு அவ்வளவு இடைவெளி.

முற்றத்தில் அவ்வளவு நீளம் கிடைக்காது. 10 விநாடிக்குச் செய்யுங்கள். அப்போது முடிச்சு இடைவெளி 5.14 மீட்டர், பாதி முடிச்சு 2.57 மீட்டரில். 25 மீட்டர்க் கயிறு போதும். கயிற்றின் நுனியை ஒருவர் பிடித்து நிற்க, பையன் உருளையோடு நடக்கட்டும். சாதாரண நடை 2 நாட் சொச்சம் வரும்.

தப்பாகும் இடங்கள்: நைலான் கயிறு இழுத்தால் நீளும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். பருத்திக் கயிற்றை ஒருமுறை நனைத்துக் காயவைத்து அப்புறம் முடிச்சுக்குக் குறி போடுங்கள், முடிச்சே கொஞ்சம் கயிறு தின்னும் என்பதால் வண்ண நூல் கட்டுவது இன்னும் நல்லது. நடக்கத் தொடங்கிய நொடியில் கடிகாரத்தைத் திருப்பாதீர்கள். முதல் 3 மீட்டர்க் கயிறு சும்மா ஓடட்டும், முதல் குறி கையைத் தொடும்போது திருப்புங்கள். கப்பலிலும் பலகை கப்பலடியின் கலக்கலைத் தாண்டிப் போன பிறகுதான் எண்ணத் தொடங்கினார்கள்.

மணற்கடிகாரத்தைப் பிள்ளைகளே செய்யலாம். இரண்டு சிறு பாட்டில், மூடிகளை முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் 3 மி.மீ. துளை. மணலைச் சலித்து, வறுத்து, ஆறவைத்து நிரப்புங்கள். உப்பு வேண்டாம், ஈரம் இழுத்துக் கட்டியாகும். 10 விநாடிக்கு மேல் ஓடினால் மணலைக் கொஞ்சம் எடுங்கள். துளையைப் பெரிதாக்கினால் திரும்பச் சின்னதாக்க முடியாது.

ஜனவரி 18

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் கொலம்பஸ் கையில் முடிச்சுக் கயிற்றைக் கொடுத்துவிட வேண்டாம். அவர் காலத்தில் அது இருந்ததற்குச் சான்றில்லை. 1574-இல் வில்லியம் போர்ன் எழுதியதில்தான் முதல் விவரிப்பு கிடைக்கிறது. 1492-இல் வேகம் என்பது நுரையையும் அலையையும் பார்த்துக் கண்ணால் போட்ட மதிப்பு. நேரத்தை அரை மணி மணற்கடிகாரத்தால் பார்த்தார்கள். கப்பல் பையன்கள் அதைத் திருப்ப மறந்தால் அரை மணி கணக்கில் காணாமல் போகும்.

இதையும் பாடமாக்கலாம். முதலில் கண் மதிப்பு எழுதட்டும், பிறகு கயிறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரத்தில் எப்படிக் குறைகிறது என்று வரைபடத் தாளில் போடட்டும்.

ஜனவரி 19

கொலம்பஸ் பற்றி இன்னொன்று, கணக்குக்காக. பூமி தட்டை என்று எல்லோரும் நம்பியதாகவும் இவர் உருண்டை என்று நிரூபித்ததாகவும் பிள்ளைகளின் நூல்களில் வரும். அடித்துவிடுங்கள். படித்தவர்கள் எவருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை, எரட்டோஸ்தனிஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே சுற்றளவை அளந்திருந்தார். சண்டை அளவைப் பற்றியது, அதில் தவறியவர் கொலம்பஸ். ஒரு டிகிரிக்கு 56⅔ மைல் என்ற அரபு வானியலாளர் அல்-ஃபர்கானியின் எண்ணை எடுத்துக்கொண்டு, அரபு மைலுக்குப் பதில் நீளம் குறைந்த இத்தாலிய மைல் என்று வைத்துவிட்டார். பூமி கால்வாசி சுருங்கியது. ஆசியா கிழக்கே மிக நீளமாக இருக்கும் என்ற இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. அலகு எழுதாமல் விடை எழுதும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பிப்ரவரி 2

தீர்க்கரேகை. இதற்கு அவசரப்படக்கூடாது, அட்சரேகை இரண்டு மூன்று முறை சரியாக வந்த பிறகு தொடங்குங்கள்.

பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. உங்கள் இடத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நொடியில் கிரீனிச்சில் மணி என்ன என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பல நூற்றாண்டு ஆனது. 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அரை டிகிரி துல்லியத்துக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. தச்சராகத் தொடங்கிய ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. 81 நாள் கடலில் கிடந்தும், அதன் இயல்பான ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தால் சுமார் 5 விநாடிதான் பிசகியிருந்தது. 4 விநாடிக்குப் பூமத்திய ரேகையில் ஒரு கடல் மைல். 5 விநாடிக்கு எவ்வளவு என்று பிள்ளை சொல்லட்டும்.

செய்முறை: அதே கம்பு, அதே ஓட்டை அட்டை. நண்பகலையொட்டி நிழலின் நீளம் பல நிமிடங்களுக்கு மாறாதது போலவே நிற்கும், ஆகவே "மிகக் குட்டை எப்போது" என்று காத்திருந்தால் 5 நிமிடம் தப்பும். அதற்குப் பதிலாக, நண்பகலுக்கு ஒன்றரை மணி முன்பு ஒளிப்புள்ளியைக் குறித்து நேரம் எழுதுங்கள். கம்பின் அடியை மையமாக வைத்து அந்தப் புள்ளி வழியே நூலால் வட்டம் போடுங்கள். மாலைப் பக்கம் ஒளிப்புள்ளி மறுபடி அந்த வட்டத்தைத் தொடும் நேரத்தை எழுதுங்கள். இரண்டு நேரத்துக்கும் நடு நேரமே உங்கள் நண்பகல். போனில் உலகப் பொது நேரத்தை (UTC, அதாவது கிரீனிச் நேரம்) வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் ஹாரிசன் கடிகாரம்.

பிப்ரவரி 13 | கேள்வி

மூன்று நாள் எடுத்தோம். மூன்றிலும் மூன்றரை டிகிரி மேற்கே தள்ளிக் காட்டுகிறது. ஒரே அளவில் தவறுவதால் கருவியில் கோளாறா, கையில் கோளாறா என்று புரியவில்லை. கம்பு செங்குத்துதான், நான்கு முறை பார்த்துவிட்டோம்.

பிப்ரவரி 14

அருமையான தவறு. கையும் கருவியும் சரி, கணக்கில் ஒரு படி குறைகிறது. அதை இரண்டாம் தேதியே எழுதாமல் விட்டது என் பிழை.

சூரியன் கடிகாரம் போல ஓடாது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டால் சூரிய நண்பகல் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தும். ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர் தொடக்கம், கிறிஸ்துமஸ் இந்த நான்கு வேளையிலும் ஏறக்குறைய சுழி.

உதாரணம்: இன்று உங்கள் நண்பகல் உலகப் பொது நேரம் 15:14-க்கு வந்தது. அப்படியே எடுத்தால் 3 மணி 14 நிமிடம், அதாவது 194 நிமிடம், 4-ஆல் வகுத்தால் 48.5 டிகிரி மேற்கு. 14 நிமிடத்தைக் கழித்தால் 15:00, 45 டிகிரி மேற்கு. மூன்றரை டிகிரி அங்கேதான் போயிற்று. பூமத்திய ரேகையில் அது 390 கி.மீ. கிழக்கு அரைக்கோளத்தில் இருந்தாலும் பிப்ரவரியில் விடை மேற்கேதான் சாயும், நவம்பரில் கிழக்கே சாயும்.

ஒரே பக்கமாக, ஒரே அளவில் வரும் தவறுக்கு ஒரே காரணம் இருக்கும். முன்னும் பின்னுமாகச் சிதறும் தவறுக்குச் சராசரி எடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். விடையை உடனே சொல்லாமல், மாதத்துக்கு இரண்டு முறை ஒரு வருடம் அளந்து தாளில் புள்ளி வைக்கச் சொல்லலாம். வளைவு தானே எழும்.

பிப்ரவரி 20

உணவு, நோய். ஸ்கர்வியில் ஈறு வீங்கி, பழைய புண் திறந்து, ஆட்கள் செத்தார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் சாலிஸ்பரி கப்பலில் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு. மேற்கொண்டு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று: ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம், இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். முடிவைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்து, எந்த ஜோடி பிழைக்கும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு, பழம் ஆறு நாளில் தீர்ந்துவிட்டது என்றும் அதற்குள்ளேயே ஒருவர் வேலைக்குத் திரும்பத் தேறிவிட்டார் என்றும் சொல்லுங்கள். பிறகு கடைசிக் கேள்வி: லிண்ட் இதை 1753-இல் அச்சிட்டார், கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு தர முடிவெடுத்தது 1795-இல். நடுவில் 42 வருடம் ஏன்?

ஒரு காரணத்தைச் சமையலறையிலேயே காட்டலாம். பழம் கெட்டுப்போகும் என்பதால் சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கிச் சுண்டவைக்கச் சொன்னார் லிண்ட். சூட்டில் வைட்டமின் சி அழியும், அது குறைவதால் வருவதுதான் ஸ்கர்வி.

அரைத் தேக்கரண்டி சோளமாவை 250 மி.லி. தண்ணீரில் கொதிக்கவையுங்கள். அதில் 10 மி.லி. எடுத்து 90 மி.லி. தண்ணீரில் கலந்து, அயோடின் டிங்சர் 5 சொட்டு. கருநீலம் வரும். 20 மி.லி. வீதம் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் வரை எண்ணுங்கள். குறைந்த சொட்டு, நிறைய வைட்டமின். புதுச் சாறு ஒன்று, சூடாக்கியது ஒன்று, ஒரு வாரம் திறந்து வைத்தது ஒன்று. இதை யாரும் குடிக்கக்கூடாது. அயோடின் கறை துணியில் போகாது.

பிப்ரவரி 26

இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள், நீலமே வரவில்லை என்று. மாவுத் தண்ணீர் சூடாக இருந்தபோது அயோடின் விட்டிருப்பீர்கள். சூட்டில் அந்த நிறம் நிற்காது. முழுதாக ஆறட்டும்.

புதுச் சாற்றுக்கும் சூடாக்கியதற்கும் வித்தியாசமே இல்லை என்பவருக்கு: எலுமிச்சையின் புளிப்பு வைட்டமின் சி-யைக் கொஞ்சம் காப்பாற்றும், 20 நிமிடம் போதாது. அகலமான பாத்திரத்தில் மெல்லிய தீயில் ஒரு மணிக்கு மேல் வையுங்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்டிய சாறுதான் ஜெயிக்கும்.

மார்ச் 4

மழைக்காலத்துக்கு, சூரியனும் நட்சத்திரமும் இல்லாத நாளுக்கு ஒரு விளையாட்டு. அட்டையில் 16 திசைக் கோடுகள் போடுங்கள். கப்பலில் மாலுமிகள் வைத்திருந்த பலகையில் 32 இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பதினொன்றேகால் டிகிரி. ஏழு வயதுக்கு 16 போதும். ஒவ்வொரு கோட்டிலும் 8 துளை. நாலு மணிநேரக் காவலில் எட்டு அரை மணி. அரை மணிக்கு ஒருமுறை அந்த நேரத்துத் திசையில் ஒரு முளையைச் செருகுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் இதைச் செய்ய முடிந்தது. விளையாட்டில் அரை மணிக்குப் பதில் 5 நிமிடம். நீங்கள் திசையும் வேகமும் சொல்லுங்கள், ஒருவர் முளை செருக, ஒருவர் கட்டத் தாளில் 1 செ.மீ.க்கு 1 கடல் மைல் என்று பாதை வரையட்டும்.

தொடங்கும் முன் ஒரு உறைக்குள் "நீரோட்டம், தென்கிழக்கே, 1 நாட்" என்று எழுதி ஒட்டிவையுங்கள். காவல் முடிந்ததும் பிரியுங்கள். கப்பல் அவர்கள் நினைத்த இடத்திலிருந்து 4 கடல் மைல் தள்ளியிருக்கும். நீங்கள் முன்பே தாளில் குறித்துவைத்த பாறை அங்கே இருக்கட்டும். அடுத்த ஆட்டத்திலிருந்து யாரும் தங்கள் இடத்தைப் புள்ளியாக வைக்க மாட்டார்கள், வட்டமாக வரைவார்கள். வட்டத்தின் ஆரத்தைக் கடந்த தூரத்தில் பத்தில் ஒன்று என்று வையுங்கள்.

மார்ச் 5

மெகல்லன் கூட்டத்துக்குத் தொலைந்த ஒரு நாள் பற்றி: 1522 ஜூலையில் விக்டோரியா கப்பல் கேப் வெர்டேயில் நின்றபோது, கப்பலில் புதன், கரையில் வியாழன். பிகாஃபெட்டா ஒரு நாள்கூட விடாமல் குறித்து வந்தவர், தலையைப் பிய்த்துக்கொண்டார்.

பந்து, விளக்கு, இரண்டு குண்டூசி போதும். ஒரு ஊசி அசையாது, அது கரை. இன்னொன்று கப்பல். பந்தைப் பத்துச் சுற்று சுழற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கப்பல் ஊசியைப் பந்தின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு மேற்கே நகர்த்திக் குத்துங்கள். பத்தாவது சுற்றில் இரண்டு ஊசியும் மறுபடி பக்கத்தில் நிற்கும். கரை ஊசிக்கு விடியல் பத்து, கப்பல் ஊசிக்கு ஒன்பது. பந்தை மேற்கிலிருந்து கிழக்காகச் சுழற்றுகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் பதினொன்று வரும். பதினொன்று வந்தாலும் நல்லதுதான், கிழக்கே போகிறவருக்கு என்ன ஆகும் என்பது அது.

மார்ச் 12

"பிள்ளைகளுக்கு இவர்கள் நாயகர்களாகவே இருக்கட்டும், அடிமை, கொலை எல்லாம் பெரியவர்களான பின் தெரிந்துகொள்வார்கள்" என்று ஒருவர். ஒப்பமாட்டேன். வயதுக்கேற்ற அளவு என்பது சரி. ஆனால் கரையில் நின்றவர்களை அழித்துவிட்டுக் கப்பலை மட்டும் காட்டினால் சொல்வது வரலாறே இல்லை, புவியியல்கூடத் தவறாகும்.

ஏழு வயதுக்கு: குக்கின் கப்பலில் துபாயா என்ற ரையாத்தியா தீவுக்காரர் இருந்தார். பூசாரி, வழிகாட்டி. எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் அவர் சொன்னபடி வரைபடத்தில் ஏறின. நியூசிலாந்தில் மாவோரிகளோடு பேச முடிந்தது அவரால்தான். மெகல்லனோடு வந்த மலாய் அடிமை என்ரிக்கே பிலிப்பைன்ஸ் தீவுகளில் மொழிபெயர்த்தார். தான் இறந்தால் அவருக்கு விடுதலை என்று மெகல்லன் உயிலில் எழுதியிருந்தார். 1521 ஏப்ரல் 27-இல் மக்தானில் மெகல்லன் கொல்லப்பட்ட பிறகு கப்பல்காரர்கள் அதைத் தர மறுத்தார்கள். இந்தக் கதையின் நியாயம் ஏழு வயதுக்கு நன்றாகவே புரியும்.

பதினொன்றுக்கு மூலச் சான்று. கொலம்பஸின் நாட்குறிப்பு மூலம் தொலைந்துவிட்டது. நம்மிடம் இருப்பது லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் எடுத்த சுருக்கம். அதிலேயே, கரையில் இறங்கிய சில நாளில், இந்த மக்கள் நல்ல வேலைக்காரர்களாவார்கள், ஐம்பது பேரைக் கொண்டு எல்லோரையும் அடக்கிவிடலாம் என்ற கருத்து வருகிறது. தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "எழுதியவர் பார்த்தது", வலப்பக்கம் "எழுதியவர் நினைத்தது". இதை ஒரு பக்கத்துக்குச் செய்தால் போதும், பிள்ளை எந்தப் பயணக் குறிப்பையும் வேறு கண்ணால் படிக்கும்.

அப்புறம் காலி நகரக் கல்வெட்டு. சீனக் கடலோடி செங் ஹேயின் பயணங்களில் ஒன்றின்போது இலங்கையில் வைக்கப்பட்டது, 1409 தேதியிட்டது, 1911-இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனத்தில் புத்தர், தமிழில் தென்னாவர நாயனார் என்ற இந்துத் தெய்வம், பாரசீகத்தில் இஸ்லாம். காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. யாரை நினைத்து இதை மூன்று மொழியில் எழுதினார்கள் என்று கேளுங்கள். தமிழ் படிக்கும் பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

மார்ச் 13

வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியது அரபுக் கடலோடி இப்னு மாஜித் என்று நூல்களில் இருக்கிறதே என்று கேட்டவருக்கு: பழைய நூல்களில் அப்படி உண்டு, இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தியில் ஒரு வழிகாட்டி ஏறினார் என்பது உறுதி. 1498 ஏப்ரல் 24-இல் புறப்பட்டு மே 20-இல் கோழிக்கோட்டுக் கரை. காற்றின் காலம் தெரிந்தவர் கூட இருந்தார். திரும்பும்போது அக்டோபர் தொடக்கத்தில், வடகிழக்குக் காற்று எழும் முன்பே கிளம்பி, ஜனவரி 2-இல்தான் ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தார்கள். சுமார் முப்பது பேர் இறந்தார்கள், ஆள் போதாமல் ஒரு கப்பலையே எரித்தார்கள். இரண்டு பயணத்தையும் ஒரே வரைபடத்தில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைத்து வரையுங்கள். பருவக்காற்று பாடம் முடிந்தது.

மார்ச் 25

கருவியே இல்லாமல் போனவர்களை இவ்வளவு தள்ளி வைத்திருக்கக் கூடாது. 1976-இல் ஹோகுலெயா என்ற இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து தஹிதி போனது. சதவால் தீவின் மாவ் பியைலுக் நட்சத்திரம், அலை, பறவை மட்டும் வைத்து வழிநடத்தினார்.

அலையைப் படிப்பதை ஒரு தட்டில் காட்டலாம். கண்ணாடித் தட்டு, 1 செ.மீ. தண்ணீர், கீழே வெள்ளைத் தாள், மேலே ஒரே ஒரு டார்ச். நடுவில் கல். ஸ்கேலால் ஒரு முனையில் சீராகத் தட்டுங்கள். கல்லைச் சுற்றி அலை வளைவதும், பின்னால் இரண்டு பக்க அலையும் வெட்டிக்கொள்வதும் தாளில் நிழலாகத் தெரியும். அலை கரையில் பட்டுத் திரும்பிக் குழப்பினால் தட்டின் ஓரங்களில் பஞ்சு வையுங்கள். மார்ஷல் தீவுக்காரர்கள் இந்த வளைவுகளைத்தான் ஈர்க்குச்சியில் கட்டி, தீவுக்குச் சோழி வைத்தார்கள். அந்தக் குச்சிப் படத்தைக் கடலுக்கு எடுத்துப் போவதில்லை, கரையில் மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளும் தங்கள் தட்டுக்கு ஒரு குச்சிப் படம் கட்டி, தட்டை மறைத்துவிட்டு விளக்கிச் சொல்லட்டும்.

ஏப்ரல் 8

பதிவுக்கு என்ன வைப்பது? சட்டம் இடத்துக்கு இடம் மாறும். எங்கிருந்தாலும் கப்பல் நாட்குறிப்பு நல்ல சான்று: நேரம், திசை, வேகம், காற்று, குறிப்பு என்று ஐந்து பத்தி, தினம் ஒரு வரி. தவறான அளவுகளை அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதட்டும். பிப்ரவரி மூன்றரை டிகிரி அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 19 | கேள்வி

பெரியவள் கடலோடிகளை விட்டுவிட்டாள். இப்போது கப்பல் மரத்தைத் தின்னும் புழு மேல் பைத்தியம். திரும்ப இழுப்பதா, விடுவதா?

ஏப்ரல் 19, இரவு

விடுங்கள். அவள் விலகவே இல்லை, கப்பலுக்கு அடியில் போயிருக்கிறாள். அது புழுவே அல்ல, சிப்பி இனம். ஓட்டைக் கொண்டு மரத்தைத் துளைக்கும். கொலம்பஸின் நான்காம் பயணத்தில் கப்பல்கள் சல்லடையாகி 1503-இல் ஜமைக்காவில் கரையேற்ற வேண்டி வந்ததும், ஒரு வருடம் அங்கேயே சிக்கியதும், 1504 பிப்ரவரி 29 சந்திர கிரகணத்தைக் காட்டித் தீவு மக்களை மிரட்டியதும் இதனால்தான்.

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு வரவில்லை. தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயின. அவளுக்கு அடுத்த வேலை: மூன்று குவளை, ஒவ்வொன்றிலும் 200 மி.லி. தண்ணீரும் 7 கிராம் உப்பும், கடலின் அளவு அது. ஒன்றில் வெறும் இரும்பு ஆணி. ஒன்றில் செம்புக் கம்பி இறுக்கிச் சுற்றிய ஆணி. ஒன்றில் துத்தநாகத் துண்டு சுற்றிய ஆணி. ஆணிகளை முதலில் மணல்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள், பூச்சுள்ள ஆணி வேண்டாம். கம்பி ஆணியை உலோகத்தோடு உலோகமாகத் தொடவில்லை என்றால் வித்தியாசம் தெரியாது. நான்கு நாள் தினம் பார்த்து எழுதட்டும்.

முடிவு வந்த பிறகு இதைச் சொல்லுங்கள்: 1824-இல் ஹம்ஃப்ரி டேவி இதே வழியில் துத்தநாகமும் இரும்பும் வைத்து செம்புத் தகட்டைக் கரையாமல் காத்தார். தகடு நன்றாக இருந்தது. ஆனால் கப்பலடியில் கொட்டலசும் பாசியும் அப்பி வேகம் குறைந்தது. ஏன் என்று அவள் யோசிக்கட்டும். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.